விழித்திருக்கும் இரவுக்கு ஒரு தோட்டம்

நோயுற்றவர் இருக்கும் வீட்டில் இரவு நீளமானது. பகலில் மருந்து, உணவு, மருத்துவமனைப் பயணம், நலம் விசாரிக்க வரும் உறவினர் என்று பொழுது தானாக நகர்ந்துவிடும். விளக்கை அணைத்த பிறகு நோயாளிக்கு வலியும், அருகில் படுத்திருப்பவருக்குக் கவலையும் துணையாகின்றன. அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர், மூச்சுத் திணறலால் சாய்ந்தபடியே உறங்குபவர், நினைவு மங்கிய முதியவர் ஆகியோருக்கு உறக்கம் துண்டு துண்டாகவே வருகிறது. அவர்களைக் கவனித்துக்கொள்ளும் மகளுக்கோ மருமகளுக்கோ கணவருக்கோ தமக்கென்று சிறிது நேரம் கிடைப்பதும் இரவு 9 மணிக்குப் பிறகுதான்.

தோட்டம் என்றவுடன் நாம் பகலையே நினைக்கிறோம். காலையில் நீர் ஊற்றுகிறோம். வெயிலில் பூக்களைப் பார்க்கிறோம். மாலையானதும் கதவைச் சாத்திவிடுகிறோம். ஆனால் நம் மண்ணில் மணம் மிகுந்த பூக்கள் பலவும் கதவு சாத்தப்பட்ட பிறகே விரிகின்றன. விழித்திருக்க நேர்ந்தவர்களுக்காக ஒரு தோட்டத்தை எப்படித் திட்டமிடலாம், எவற்றை நடலாம், எவற்றைத் தவிர்க்க வேண்டும் என்பதை, சேர்வராயன் மலையடிவாரத்தில் வாழும் நம் குடும்பங்களை மனத்தில் கொண்டு இங்கே தொகுத்துத் தருகிறோம்.

நிலவுக்காக அமைந்த தோட்டம்

இரவில் அனுபவிப்பதற்கென்றே தோட்டம் அமைப்பது புதிய எண்ணமன்று. ஆக்ராவில் தாஜ்மகாலுக்கு நேர் எதிரே, யமுனையின் மறுகரையில் மேத்தாப் பாக் என்னும் தோட்டம் இருக்கிறது. அப்பெயருக்கு நிலவொளித் தோட்டம் என்று பொருள். 17ஆம் நூற்றாண்டில், ஷாஜகான் காலத்தில், தாஜ்மகாலின் உருவம் நீரில் விழுந்து தெரியும்படி அங்கே எண்கோண வடிவில் ஒரு பெரிய குளம் அமைக்கப்பட்டது. 1652ஆம் ஆண்டில் ஔரங்கசீப் தம் தந்தைக்கு எழுதிய கடிதம் அத்தோட்டம் வெள்ளத்தில் மூழ்கியதைக் குறிப்பிடுகிறது. பிற்காலத்தில் வண்டல் மூடி மறைந்துபோன அதனை 1990களில் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்து வெளிக்கொணர்ந்து, மீண்டும் செடிகளை நட்டது.

பேரரசருக்குக் குளமும் மாடமும் இருந்தன. நம் முன்னோர்க்கு முற்றமும் திண்ணையும் வாசலில் கிடந்த கயிற்றுக் கட்டிலும் இருந்தன. நிலாச்சோறு உண்ட தலைமுறைக்கு இரவில் வெளியே அமர்வதைக் கற்றுத்தர வேண்டிய தேவை இருக்கவில்லை. இன்று அந்தப் பழக்கம் குறைந்துவிட்டது. நோயாளி இருக்கும் வீட்டிலாவது அதனைத் திரும்பக் கொண்டுவரலாம்.

இருளில் நம் புலன்கள்

நம் கண்ணின் விழித்திரையில் இருவகை ஒளியுணர் செல்கள் உள்ளன. கூம்பு செல்கள் வெளிச்சத்தில் நிறத்தைக் காட்டுகின்றன. கோல் செல்கள் மங்கிய ஒளியில் இயங்குகின்றன. ஆனால் நிறத்தைப் பிரித்தறிவதில்லை. அதனால்தான் பகலில் கண்ணைப் பறிக்கும் செம்பருத்தி இரவில் கருந்திட்டாகத் தெரிகிறது. வெள்ளைப் பூ மட்டும் தனியே மிதப்பதுபோல் தோன்றுகிறது. இரவுத் தோட்டத்தின் முதல் விதி இதிலிருந்து பிறக்கிறது: வெண்மை, இளமஞ்சள், வெளிறிய பச்சை ஆகியவற்றையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

வெளிச்சத்திலிருந்து இருளுக்கு வந்தபின் கண் முழுமையாகப் பழகுவதற்கு ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். முதியவர்களுக்கு இன்னும் கூடுதல் நேரம் தேவைப்படும். இடையில் ஒருமுறை கைப்பேசியின் திரையைப் பார்த்தால் பழகிய கண் மீண்டும் பின்னடைந்துவிடும். ஆகவே தோட்டத்தில் அமரும் அரைமணி நேரமாவது கைப்பேசியை உள்ளேயே வைத்துவிடுவது நல்லது. இரவில் கூசும் வெளிச்சம் உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சுரப்பையும் குறைக்கிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

இரவுப் பூக்கள் வெண்மையாகவும் மணம் மிகுந்தும் இருப்பது நமக்காக அன்று. அவற்றுள் பல, மகரந்தச் சேர்க்கைக்கு அந்துப்பூச்சிகளை நம்பியிருப்பவை. இருளில் பறக்கும் பூச்சியைத் தொலைவிலிருந்து அழைப்பதற்கு மணமும், அருகில் வந்ததும் வழிகாட்டுவதற்கு வெண்மையும் அவற்றுக்கு உதவுகின்றன. அந்த அழைப்பில் நமக்கும் ஒரு பங்கு கிடைக்கிறது.

தோட்டம் நோயைக் குணப்படுத்துமா என்று கேட்பவர்களுக்கு நேர்மையான விடை, குணப்படுத்தாது என்பதே. ஆயினும் பசுமையைப் பார்ப்பது உடல் தேறுவதற்குத் துணைபுரியலாம் என்பதற்குச் சான்று உண்டு. ரோஜர் உல்ரிச் என்னும் ஆய்வாளர், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனை ஒன்றில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவைச் சிகிச்சை பெற்ற 46 நோயாளிகளின் குறிப்புகளை ஒப்பிட்டார். சன்னல் வழியே மரங்கள் தெரிந்த அறைகளில் இருந்தவர்கள், செங்கல் சுவர் மட்டுமே தெரிந்த அறைகளில் இருந்தவர்களைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினர்; வீரியமிக்க வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. இந்த ஆய்வு 1984இல் வெளியாயிற்று. இது பகற்காட்சி பற்றியது; சிறிய ஆய்வும்கூட. மருந்துக்கு மாற்றாகத் தோட்டத்தைக் கருதக் கூடாது. மருந்தோடு சேர்ந்த ஆறுதலாகக் கருதலாம்.

மூன்று பொழுதுக்கு மூன்று வகைப் பூக்கள்

ஒரு நாளைச் சிறுபொழுதுகளாகப் பிரித்த தமிழ் இலக்கண மரபு, இரவை மாலை, யாமம், வைகறை என்று மூன்றாகக் கண்டது. இன்றைய கணக்கில் இவை மாலை 6 முதல் 10 வரை, 10 முதல் 2 வரை, 2 முதல் விடியும் 6 மணி வரை என்று அமையும். நோயாளியின் இரவுக்கும் இந்தப் பிரிவு பொருந்துகிறது. ஒவ்வொரு பொழுதிலும் ஏதேனும் ஒன்று நிகழும்படி செடிகளைத் தேர்ந்தெடுத்தால், விழித்திருப்பவருக்கு விடியலைத் தவிர எதிர்பார்ப்பதற்கு வேறு ஒன்றும் கிடைக்கும். இக்கட்டுரையின் மையக் கருத்து இதுவே.

மாலைப் பொழுதுக்கு அந்திமந்தாரை, முல்லை, மல்லிகை ஆகியவை ஏற்றவை. அந்திமந்தாரை பிற்பகல் 4 மணியளவில் விரியத் தொடங்கும். வெள்ளை, மஞ்சள் நிறங்களைத் தேர்ந்தெடுங்கள். குண்டுமல்லியைக் காலையில் மொட்டாகப் பறிப்பது வழக்கம். சேலம் வ.உ.சி. பூ அங்காடியில் காலையில் வாங்கும் மொட்டுச் சரம் மாலையில் கூந்தலில் மலர்வது அதனால்தான். இரவுத் தோட்டத்துக்கு வேண்டியது வேறு. கட்டிலுக்கு அருகில் உள்ள செடியின் மொட்டுகளைப் பறிக்காமல் விடுங்கள். இருட்டியதும் அவை செடியிலேயே மலரட்டும்.

யாமத்துக்கு நிஷாகந்தியும் சம்பங்கியும் உரியவை. நம் வீடுகளில் பிரம்மகமலம் என்று அழைக்கப்படும் நிஷாகந்தி, மெக்சிகோவையும் மத்திய அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட கள்ளிவகைச் செடி. இமயமலையில் பூக்கும் பிரம்மகமலம் வேறு. நிஷாகந்தியின் மொட்டு இரவு 9 மணிக்குமேல் மெல்ல விரிந்து, நள்ளிரவில் முழு மலராகி, விடிவதற்குள் தளர்ந்துவிடும். ஒரு மலருக்கு ஓர் இரவே வாழ்வு. மொட்டு பருத்து நிமிரும் நாளில் வீட்டார் அனைவரும் காத்திருந்து பார்ப்பது பல குடும்பங்களின் வழக்கம். நோயாளியின் கட்டிலை அன்று சன்னலருகே நகர்த்திவைக்கலாம். நிலத்தில் கிழங்கு நட்டு வளர்க்கும் சம்பங்கியின் மணமும் இரவு ஏற ஏற மிகும்.

வைகறைக்குப் பவழமல்லியை விஞ்சிய மரம் இல்லை. அந்தி சாய்ந்தபின் மலரும் அதன் வெண்பூக்கள், பவழநிறக் காம்போடு விடியற்காலையில் ஒவ்வொன்றாக உதிரும். இரவெல்லாம் உறங்காதவருக்கு, அந்த மரத்தடியில் பூ விரித்த தரையே விடிந்துவிட்டது என்னும் செய்தியாகும். பெரிய வளாகமாக இருந்தால் மரமல்லியையும் சேர்க்கலாம். ஆனால் அது உயர்ந்து வளரும். அதன் கிளைகள் காற்றில் எளிதில் முறியும் என்பதால், வீட்டுக் கூரைக்கும் மின்கம்பிக்கும் அருகில் வேண்டா.

மலையேறி ஏற்காட்டுக்குச் சென்றால் நிலைமை மாறும். அடிவாரத்தைவிட ஆயிரம் மீட்டருக்கும் மேல் உயர்ந்த அங்கே குளிர் மிகுதி. வெப்பமும் நேர் வெயிலும் விரும்பும் குண்டுமல்லி அவ்வளவு செழிக்காது. அங்குள்ளவர்களுக்கு இயற்கை வேறொன்றைத் தந்திருக்கிறது. 1820களில் சேலம் ஆட்சியர் காக்பர்ன் காலத்தில் வேரூன்றிய காபி, கோடையின் முதல் மழைக்குப் பின் சில நாள்கள் மட்டும் தோட்டம் முழுவதும் வெண்ணிறமாகப் பூக்கும். அந்த நாள்களில் சன்னலைச் சிறிது திறந்து வைத்தாலே போதும்.

கட்டிலிலிருந்து தொடங்குங்கள்

பகல் தோட்டத்தை வாசலிலிருந்து திட்டமிடுவோம். இரவுத் தோட்டத்தை நோயாளியின் கட்டிலிலிருந்து திட்டமிட வேண்டும். அவர் படுக்கும் நிலையில் ஒரு நிமிடம் நீங்களே படுத்துப் பாருங்கள். சன்னலின் எந்தப் பகுதி கண்ணுக்குத் தெரிகிறது? வானமா, எதிர்வீட்டு விளக்கா? எந்த உயரத்தில் தொட்டி வைத்தால் பூ கண்ணுக்குத் தெரியும்? இவற்றைக் குறித்துக்கொண்ட பின்பே செடி வாங்கச் செல்லுங்கள்.

அடுத்தது காற்று. மலையடிவாரத்தில் வாழ்வோர்க்கு இதில் ஒரு வாய்ப்பு உண்டு. பகலில் வெயிலால் சூடேறிய காற்று சரிவின்வழி மேலேறும்; தெளிந்த இரவில் மலைச்சரிவு குளிர்ந்ததும் கனத்த குளிர்காற்று கீழ்நோக்கி மெல்ல இறங்கும். ஆகவே மணமுள்ள செடிகளை மலை இருக்கும் பக்கத்திலும், அமரும் இடத்தை அதற்குக் கீழ்ப்புறத்திலும் அமையுங்கள். இரவுக்காற்றே மணத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். உயரமான சுற்றுச்சுவர் இருந்தால் அது காற்றைத் தடுக்கும். அங்கே தொட்டிகளை மேடையிட்டு உயர்த்துங்கள்.

சக்கர நாற்காலிக்குப் பாதை குறைந்தது 1 மீட்டர் அகலம் இருக்கட்டும். படிக்கு மாற்றாகச் சாய்தளம் அமைத்தால், 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது பாதுகாப்பான அளவு. அமரும் பலகை ஏறத்தாழ 45 செ.மீ. உயரமும், எழும்போது பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் உடையதாக இருக்க வேண்டும். பாதையின் இரு ஓரங்களும் இருளில் தெரிய வேண்டும். சேலத்துக்கும் மலைக்கும் இடையே மாக்னசைட் கிடைக்கும் நிலம் வெள்ளைக்கல்லுக்குப் பெயர்பெற்றது. ஆங்கிலேயர் அக்குன்றுகளைச் 'சாக் ஹில்ஸ்' என்று அழைத்தனர். அதுபோன்ற வெண்கற்களை வரிசையாகப் பதிக்கலாம். அல்லது செங்கற்களை நட்டுச் சுண்ணாம்பு அடிக்கலாம். நிலவில்லாத இரவிலும் அவை வழிகாட்டும்.

விளக்கு முழங்கால் உயரத்துக்குக் கீழே, தரையை நோக்கி, இளமஞ்சள் ஒளியில் இருந்தால் போதும். மரத்தைச் சுற்றி வண்ணச் சரவிளக்குகள் வேண்டா. அவை கண்ணையும் கூசச்செய்யும், அந்துப்பூச்சிகளையும் திசைதிருப்பும்.

பார்வை குன்றியவர்க்காகக் கைக்கெட்டும் உயரத்தில் துளசி, திருநீற்றுப்பச்சிலை, எலுமிச்சைப்புல் ஆகியவற்றை வையுங்கள். இலையைக் கசக்கினால் மட்டுமே மணம் தருபவை இவை. மணம் எவ்வளவு வேண்டும் என்பதை அவரே முடிவு செய்துகொள்ளலாம்.

எப்போது நடுவது?

மல்லிகை வகைகளை ஜூன் முதல் நவம்பர் வரை நடலாம். 30 செ.மீ. நீள அகல ஆழமுள்ள குழியில் மட்கிய தொழுவுரம் இட்டு, குண்டுமல்லிக்குச் செடிக்குச் செடி ஏறத்தாழ 1.25 மீட்டர் இடைவெளி விடுங்கள். பகலில் நல்ல வெயில் படாத இடத்தில் அது பூக்காது. குண்டுமல்லியை நவம்பர் இறுதியில் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் கவாத்து செய்தால், மார்ச் முதல் ஜூன் வரை நன்கு பூக்கும். முல்லைக்குக் கவாத்து சனவரி இறுதியில். சம்பங்கிக் கிழங்குகளை ஜூன், ஜூலை மாதங்களில் நட்டால் மூன்று மாதங்களுக்குப் பின் பூக்கத் தொடங்கும். நிஷாகந்தியின் இலைபோன்ற தண்டை ஒடித்து, வெட்டிய இடம் காய்ந்தபின் நடுங்கள்; அரைநிழல் போதும்.

கவனம் தேவைப்படும் இடங்கள்

*மணம்:* ஆஸ்துமா, ஒற்றைத் தலைவலி உள்ளவர்க்கும், புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சையால் குமட்டல் உள்ளவர்க்கும் கடும் மணம் துன்பம் தரலாம். முதலில் ஒரே ஒரு தொட்டியைத் தொலைவில் வைத்து, சில நாள்கள் கவனியுங்கள். ராத்திரி ராணி எனப்படும் செடியின் மணம் மிகக் கடுமையானது; அதன் காய்கள் நஞ்சுடையவை. படுக்கையறைச் சன்னலருகே அது வேண்டா.

*நஞ்சு:* ஊமத்தை இரவில் மலர்ந்தாலும் அதன் எல்லாப் பகுதிகளும் நஞ்சு. மலைப்பகுதி வீடுகளில் தலைகீழாகத் தொங்கும் பெரிய எக்காள வடிவப் பூவும் அதன் உறவே. அந்திமந்தாரையின் விதையும் கிழங்கும், நம் வட்டாரத்தில் மிகுதியாகப் பயிராகும் அரளியும் உண்ணத் தகாதவை. குழந்தைகளும் நினைவு மங்கிய முதியவர்களும் உள்ள வீட்டில் இவற்றைக் கைக்கெட்டாமல் வையுங்கள். ஊமத்தையை அறவே தவிருங்கள்.

*மண்:* நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்கள் ஆகியோர் மண்ணையும் மட்கிய உரத்தையும் கையாளக் கூடாது. அவற்றில் பூஞ்சைகள் இருக்கும். செடிவேலையைப் பிறர் செய்யட்டும். மலர்ந்ததை அவர் பார்க்கட்டும். எவ்வளவு நெருங்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நீரிழிவு நோயாளிகள் வெறுங்காலோடு தோட்டத்தில் இறங்கவே கூடாது. உணர்ச்சி குன்றிய பாதத்தில் முள் தைத்தாலும் தெரியாது.

*கொசு:* தொட்டிக்கு அடியில் உள்ள தட்டுகளை வாரம் ஒருமுறையாவது கவிழ்த்துத் துடைத்துவிடுங்கள். அல்லிக்காக நீர்த்தொட்டி வைத்தால் அதில் கப்பி மீன்களை விடுங்கள். அவை கொசுப்புழுக்களை உண்டுவிடும்.

*பாம்பு:* மல்லிகையின் மணத்துக்குப் பாம்பு வரும் என்பது நம்பிக்கை மட்டுமே. அடர்ந்த புதரில் ஒளியும் எலியையும் தவளையையும் தேடியே பாம்பு வருகிறது. கொடிகளைத் தரையிலிருந்து உயர்த்திக் கட்டுங்கள். கற்குவியலையும் சருகுக் குவியலையும் அகற்றுங்கள். காலணியும் கைவிளக்கும் இல்லாமல் இறங்காதீர்கள். தோட்டத்தருகே தரையில் படுக்காதீர்கள். இரவில் நடமாடும் கட்டுவிரியனின் கடி வலியில்லாமலும் போகலாம். ஐயம் தோன்றினாலே, கட்டுப்போடுவது, கீறுவது ஆகியவற்றில் நேரத்தை வீணாக்காமல், 108 ஆம்புலன்சை அழைத்து மருத்துவமனைக்கு விரையுங்கள்.

செடிகள் இரவில் கரியமில வாயுவை வெளியிடுவதால் அருகில் உறங்கக் கூடாது என்று சிலர் அஞ்சுவதுண்டு. ஒரு சில தொட்டிச் செடிகள் வெளியிடும் அளவு, அதே அறையில் உறங்கும் மனிதர் ஒருவர் வெளியிடுவதைவிட மிகக் குறைவு. அச்சம் வேண்டா.

காலம் குறைவாக இருக்கும்போது

இறுதியாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. விதையிட்ட பவழமல்லி பூக்க ஆண்டுகள் ஆகலாம். சில குடும்பங்களுக்கு அவ்வளவு காத்திருக்கும் காலம் இல்லை என்பதை நாம் அறிவோம். அவர்கள் விதையிலிருந்து தொடங்க வேண்டா. மொட்டு விட்டிருக்கும் ஒரு மல்லிகைத் தொட்டியை நாற்றுப் பண்ணையிலிருந்து வாங்கி, இன்று மாலையே சன்னலுக்கு வெளியே வையுங்கள். அதுவும் இயலாவிட்டால், அண்டைவீட்டுப் பவழமல்லி உதிர்த்த பூக்களை விடியலில் ஒரு தட்டில் ஏந்தி வந்து காட்டுங்கள். அறைக்குள் பூ கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தால் சன்னல் கண்ணாடிக்கு அப்பால் நின்று காட்டினாலும் போதும்.

பகல் முழுவதும் நோயாளியும் உடனிருப்பவரும் மருந்தையும் அளவையும் அறிக்கையையும் பற்றியே பேச வேண்டியிருக்கிறது. இரவில், ஒரு மொட்டு விரிந்துவிட்டதா என்று ஒருவர் கேட்க, இன்னும் இல்லை என்று மற்றவர் விடை சொல்லும்போது, அந்தச் சிறு நேரத்துக்கு அவர்கள் மீண்டும் தாயும் மகளுமாக, கணவனும் மனைவியுமாக ஆகிறார்கள். அதற்கு ஒரு தொட்டியும் இரண்டு நாற்காலிகளும் போதும்.